சுவிஸ் இல்லை, சுவீடன்

நேற்று வெக்ஸ்போர்டில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்ததும் ஏலக்காய் மணத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பின்னல் போட்டது போன்ற பணிஸ். மேலே, சுவீடன் நாட்டுப் பணிஸ் என்று ஒரு சீட்டு. எனக்குப் பின்னால் நின்ற யாரோ ஓர் அன்ரி தன் மகளிடம் சொன்னார்: "உது சுவிஸ் பணிஸாம்." பழைய எரிச்சல் அப்படியே கிளம்பியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். (இதை எத்தனை தரமும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு ஒரு சுவீடன் கவிஞரை எடுத்தேன். மெல்லிய கவிதைப் புத்தகங்கள் நாலு எழுதியவர். பிழைப்புக்குப் பத்திரிகையில் நூல் விமர்சனம். கவிதையில் குரலே உயர்த்தாத அந்த மனுசி, விமர்சனத்தில் ஒரு சொல் பிசகினாலும் ஆளை உரித்துவிடுவார். அவரிடம் அடிவாங்கிய ஒரு புதுக்கவிஞர் பிறகு எழுதவே இல்லையாம். அதைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதினேன். எனக்குப் பிடித்தது கவிஞரைவிட அவருக்குள் இருந்த அந்த விமர்சகரைத்தான். நானும் கடைப் பலகைகளில் பிழை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவின் வாயிலோ சுவீடன் நிற்கவே இல்லை, சுவிஸ் என்றே வரும். சுவிஸில் சித்தப்பா இருக்கிறார், சொக்லேட் வருகிறது. சுவீடனில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருநாள் சித்தப்பாவுக்கே போன் எடுத்துவிட்டார்.

"பிள்ளை படிக்கிற கவிஞரின்ரை வீடு உங்கடை பக்கமோ?"

"விசாரிச்சுப் பாக்கிறன் அண்ணை."

எனக்குத் தலையை எங்கே முட்டுவதென்று தெரியவில்லை.

பிறகு பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. அப்பா தன்னோடு ரெஸ்ரோறன்ற் சமையலறையில் வேலை செய்கிறவர்கள் நடுவில் இருந்து, "மகள் சுவிஸ் கவிஞர் ஒராளைப் பற்றி..." என்று தொடங்கினார்.

"அப்பா, சுவீடன்! எத்தினை தரம் சொல்லுறது? தெரியாட்டிக் கதைக்காதேங்கோ."

அவர்களில் ஒருவர், "மகளிட்டை ரியூசன் எடுங்கோ அண்ணை" என்றார். அப்பாவும் சிரித்தார். கடிக்கப் போன றோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

போன மாதம் வீட்டுக்கு வந்த ஒருவர், மகள் என்ன படித்தவ என்று அப்பாவிடம் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், அப்பா சுவிஸ் என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"அவவைக் கேளுங்கோ. நான் சொன்னால் பிழையா வந்திடும்" என்றுவிட்டு, தேத்தண்ணி போட எழுந்து போனார்.