கருவாட்டுப் பானை வைத்த பன்னிரண்டு மாங்கன்றுகள்

இலுப்பூருக்கு மேற்கே ஒரு பாறைக்குன்றின் சரிவில் செவந்திக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. அப்பன் வழிச் சொத்து. அவள் ஒற்றை மகள். பெரியப்பன் மக்கள் நாலு பேரும் கீழே இருந்த வயலை வளைத்துக்கொண்டு, மேட்டை இவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த நாலு பேரில் கடைசி ஆள் துபாயில் இருந்து வரும்போதெல்லாம், "தங்கச்சி, ஒனக்குத்தான் நல்ல காத்து" என்பான்.

அந்தக் காற்று வீசும் மேட்டில்தான் போன ஐப்பசியில் முப்பது ஒட்டு மாங்கன்று நட்டாள். புருஷன் சேவுகனுக்கு அதில் சம்மதமில்லை. சுற்றி எல்லோரும் தைலமரம் போட்டுவிட்டார்கள். தண்ணீர் கேட்காது, ஆள் கேட்காது. "இந்தக் கோடையில பத்துக் கன்னு பட்டாலும் பேச்சு கிடையாது. எல்லாத்தையும் பிடுங்கிட்டுத் தைலம்தான்" என்றான். அவளும் சரியென்று சொல்லிவிட்டாள்.

மாசியிலேயே கிணறு தரையைக் காட்டியது. செவந்தி ஒரு வழி கண்டாள். கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டால், மண் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். சந்தையில் பதினெட்டுப் பானைதான் கிடைத்தது. மீதிக்குத் திருவரங்குளத்தில் கருவாட்டு வியாபாரம் பண்ணும் நாத்தனார் சின்னப்பிள்ளையிடம் போய், கொல்லையில் கவிழ்த்துக் கிடந்த பழைய பானைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து நாலு நாள் வெயிலில் காயவைத்தும் வாடை முழுக்கப் போகவில்லை. மீன் வாடைதானே, செடிக்கு எருவாகட்டும் என்று, நன்றாகத் துளிர்த்து நின்ற பன்னிரண்டு கன்றுகளாகப் பார்த்து அந்தப் பானைகளை வைத்தாள்.

சித்திரை பிறந்ததும் அந்தப் பன்னிரண்டுதான் முதலில் இலை ஓரம் கருகின. தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற இன்னும் கருகின.

ஒரு காலையில் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. கம்போடு ஓடியவள் பாதியில் நின்றாள். ஆடு இலையைத் தொடவில்லை. பானைக் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது. அங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

"என்ன புள்ள, மண்ணைத் திங்கிற?" என்றபடி வந்தான் சேவுகன்.

"மண்ணு இல்லங்க. ஒங்க அக்கா வீட்டு உப்பு. தைலத்துக்கு அவுகளும் சேந்து ஓட்டுப் போட்டுட்டாக."

"அவுக பானைதான் குடுத்தாக. பொதைச்சது யாரு?"

அப்போதே நாத்தனாருக்குப் போன் போட்டாள். "மதினி, ஒங்க பானையில உப்பு ஊறி வருது."

"கருவாட்டுப் பானையில பின்ன கல்கண்டா ஊறும்? புளி போட்டு வைக்கக் கேக்குறேன்னு நெனச்சேன். செடிக்குன்னு சொன்னியா நீ?"

சொல்லவில்லைதான். செவந்தி போனை வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள். பன்னிரண்டு பானையையும் தோண்டி வேலிக்கு வெளியே போட்டாள். வேரில் இறங்கிய உப்பு போக வேண்டுமென்றால் நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். கிணற்றில் ஊறுவது வீட்டுக்கும் மாட்டுக்குமே சரியாக இருந்தது. குன்றின் உச்சியில் பாறைக் குழிவில் சுனை ஒன்று உண்டு, கோடையிலும் வற்றாது. குடத்தோடு ஏறினாள். காலையில் நாலு நடை, வெயில் தாழ்ந்து நாலு நடை.

இரண்டு நாள் சேவுகன் முழங்காலைத் தடவிக்கொண்டு பார்த்திருந்தான். மூன்றாம் நாள் இரண்டு கேனோடு முன்னால் ஏறினான்.

"நீங்க எதுக்கு? பட்டுப்போனா ஒங்களுக்குத்தானே நல்லது."

"நீ பாறையில வழுக்கி விழுந்தா சோறு யாரு ஆக்குறது? பேசாம வா."

வைகாசி நடுவில் ஒரு மழை பெய்தது. பத்துக் கன்று கணக்கைச் சேவுகன் முன்பே சொல்லிவைத்திருந்த நாற்று ஏஜெண்டு பீட்டர் மறுநாளே போன் அடித்தான். "அண்ணே, தைலங்கன்னு வண்டி நாளைக்கு அங்கிட்டுத்தான் வருது. எறக்கிரவா?"

"இரு, எண்ணிட்டுச் சொல்றேன்" என்று போனைக் கையில் பிடித்தபடியே வரிசையில் நடந்தான் சேவுகன். செவந்தி நாலடி பின்னால் போனாள். சந்தைப் பானை வைத்த பதினெட்டும் நன்றாக நின்றன. கருவாட்டுப் பானை வைத்ததில் இரண்டில் செம்பு நிறத்தில் கொழுந்து வந்திருந்தது. ஒன்பது வெறும் குச்சிகள்; ஒடித்ததும் சடக்கென்று ஒடிந்தன. பன்னிரண்டாவதும் இலையில்லாத குச்சிதான். பத்து. செவந்தி வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சேவுகன் அதை ஒடிக்கவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, அடித்தண்டில் பெருவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினான். உள்ளே மெல்லிசாகப் பச்சை தெரிந்தது. ஒட்டுக்குக் கீழே பச்சையிருந்தால் கணக்கில் சேராது, அது காட்டு மாங்கன்று; ஒட்டுக்கு மேலேதான் சுரண்டினோமா என்று இன்னொரு தரம் குனிந்து பார்த்தான். ஒட்டுக்கு மேலேதான்.

"ஒம்போதுதான் பட்டிருக்கு பீட்டரு. வண்டிய இங்கிட்டு விடாத."

"என்னண்ணே, ஒண்ணுதானே கொறையுது?"

"கொறையுதுல்ல" என்று போனை மடியில் செருகினான் சேவுகன். செவந்தி திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"நெசமாவே பச்சையா?"

"வந்து நீயே பாரு. விரலைக் கொண்டாந்து அழுத்தாத, நோஞ்சானா இருக்கு."