கிணற்றுக் கல்லின் விலாசம்

செந்துறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் லீலாவதிக்கு வயது நாற்பத்தெட்டு. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதில் பட்டுவிட்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. அப்படித்தான் அந்தக் கல் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, அப்பா வீரமுத்து கிணறு வெட்டினார். இருபதடி ஆழத்தில் நத்தை மாதிரி சுருண்ட பெரிய கல் ஒன்று கிடைத்தது. சில நாளில் கவர்மெண்ட் ஜீப் வந்து அதை எடுத்துப் போய்விட்டது. அதோடு சரி.

போன பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து வந்த தம்பி செந்தில்குமாரிடம் அந்தப் பேச்சு வந்தது.

"வண்டிச் சக்கரம் அளவு இருந்துச்சுடா, மறந்துட்டியா?"

"தோசைக்கல் அளவுதான்க்கா இருந்துச்சு. நீ அப்ப சின்னப் பொண்ணு, எல்லாம் பெருசாத்தான் தெரியும்."

"நான் சின்னப் பொண்ணுன்னா நீ டவுசர் கூடப் போடத் தெரியாத பய!"

சிரித்துப் பேசி முடிந்துபோன சங்கதி. ஆனால் அவன் ஊருக்குப் போன பிறகும் லீலாவதிக்கு ஜாக்கெட் வெட்டும்போதெல்லாம் அதே நினைப்பு. அந்தக் கல் இப்போது எங்கே இருக்கும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆன்லைனிலேயே மனுப் போடலாம் என்று அவளுக்குத் தெரியும். எந்தெந்த பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து போக வேண்டும் என்று முன்பு ஒரு தரம் கேட்டு பதில் வாங்கியிருக்கிறாள். பூமியையும் கல்லையும் ஆராய்கிற மத்திய அரசு ஆபீஸைப் பட்டியலில் தேடி எடுத்தாள். அந்த இணையதளத்தில் கேள்வி எழுதும் பெட்டி தமிழை ஏற்கவில்லை. ஒரு தாளில் கைப்பட எழுதி, போனில் படம்பிடித்து, பிடிஎஃப் ஆக்கி இணைத்தாள். பத்து ரூபாய் கட்டினாள். மனுவுக்கு ஒரு நீளமான எண் வந்தது. அதை அளவு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'எங்கள் கல்லை ஏன் எடுத்துப் போனீர்கள்? அது இப்போது நல்லபடியாக இருக்கிறதா?'

மூன்றாம் வாரம் பதில் வந்தது. காரணமும் விளக்கமும் கேட்பது தகவல் என்ற வரையறைக்குள் வராதாம்.

லீலாவதிக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தாள். ஆபீஸிடம் மனுஷனிடம் கேட்பது போலக் கேட்கக் கூடாது, அவர்கள் அலமாரியில் என்ன காகிதம் இருக்குமோ அதைக் கேட்க வேண்டும் என்று புரிந்தது. அந்த அலமாரி எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்த்தாள். கல்லை வாங்கினால் எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் இல்லையா?

இரண்டாவது மனுவில் ஒரே வரி எழுதினாள்: '1987-ல் செந்துறைப் பக்கம் பெறப்பட்ட கற்களைப் பதிவு செய்த ரெஜிஸ்டர் பக்கத்தின் நகல் வேண்டும்.'

இருபத்தேழாம் நாள் நகல் வந்தது. பழைய கையெழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு பக்கம். போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். கிணற்றில் கிடைத்தது, விட்டம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் என்றிருந்தது. உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், நானும் தோத்தேன், நீயும் தோத்தே. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த கட்டத்துக்குப் போனது. கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் வீரமுத்து இல்லை. 'ராசாத்தி' என்றிருந்தது. அது அவள் அம்மா பெயர். பக்கத்திலேயே தமிழில் தட்டுத்தடுமாறிப் போட்ட கையெழுத்து.

கடையை அடைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்தக் கல்லை அப்பாதானே குடுத்தாரு?"

"அவரா? கிணத்து மேட்டுல பதிச்சு, துணி தொவைக்க வச்சுக்கலாம்னு நின்னாரு. அவரு டவுனுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து நாந்தான் தூக்கிக் குடுத்தேன்."

"எதுக்கும்மா?"

"ஜீப்புல வந்தது ஒரு பொம்பள ஆபீசருடி. அதுக்கு முன்னாடி நான் பொம்பள ஆபீசரைப் பாத்ததே இல்ல. இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு, இது அதுல நீந்துன உசுருன்னு அந்த அம்மா சொல்லுச்சு. கல்லாப் போனாலும் உசுரு இருந்தது தானே, அதுமேல துணியப் போட்டு அடிக்கிறதான்னு தோணுச்சு. என் பேரை எழுதிக்கிட்டா தரேன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"நீ கேக்கலியே."

லீலாவதி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மொச்சையை எடுத்து உரித்தாள். ஊரில் இருக்கிற ஆபீஸையெல்லாம் கேட்டவள், வீட்டிலிருக்கிற அம்மாவைக் கேட்கவில்லை.

பதிலில் இருந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பார்க்க அனுமதி வாங்கி, ஆடி மாதம் இருவரும் சென்னைக்குப் போனார்கள். ஸ்டோர் ரூமில் இருந்த ஊழியர் கீழ்த் தட்டிலிருந்து கல்லை வெளியே இழுத்து வைத்தார். மேலே வெறும் எண் மட்டும் பெயிண்டால் எழுதியிருந்தது.

ராசாத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். சுருளின் நடுவில் விரல் வைத்து, வெளி ஓரம் வரை மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள்.

"தொடலாங்களா சார்?" என்று அப்புறம்தான் கேட்டாள்.

"தொட்டுட்டுக் கேக்குறீங்களேம்மா," என்று சிரித்தார் அவர்.