ராக்காயி கப்பலை நிறுத்திய நாள்

டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் ராக்காயி என்று சொன்னால், "யாரு, அந்தப் பயந்தாங்கொள்ளியா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிச் சொல்வதும் முழு நியாயமில்லை. அட்டைக்கு அவள் பயப்பட மாட்டாள். அட்டைக்குப் பயந்தால் கொழுந்து எப்படி எடுப்பது? சிறுத்தை லயத்துக்குள்ளேயே வந்து, வரிசை வீடுகளின் வாசலில் கிடந்த நாயைக் கவ்விக்கொண்டு போன அன்றும் குறட்டைவிட்டுத் தூங்கியவள்தான். ஆனால் தபால்காரன் லயத்துப் பக்கம் திரும்பினால் போதும், பெரிய கிளாக்கர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். காட்டிலிருந்து வருவது கடிக்கும், அவ்வளவுதான். ஆபீசிலிருந்து வருவது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

அவள் பிறந்தது அதே தோட்டத்தின் மேல் லயத்தில். வாழ்க்கைப்பட்டது கீழ் லயத்துக்கு. நடுவில் ஒரு ஓடை, அவ்வளவுதான் தூரம். கல்யாண ஊர்வலத்தின் தலை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வால் இன்னும் பெண் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. மாப்பிள்ளை சின்னத்தம்பி தேயிலை ஃபேக்டரியில் எஞ்சின் அறைக்காரன். மனிதர்களோடு பேசுவதைவிட எஞ்சினோடு அதிகம் பேசுவான். மீனம்மா என்று ஒரு பெண், அழகன் என்று ஒரு பையன். கொழுந்து மலைக்கும் லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கும் ஹட்டன் கடைவீதிக்கும் நடுவிலேயே ராக்காயியின் உலகம் முடிந்துவிடும். அது போதும் என்றுதான் அவளும் இருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில்தான் இந்த நாட்டுப் பெரியவர்களும் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, தோட்டத்துச் சனத்தில் இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துப் பங்கில் விழுந்தவர்கள் கப்பலேறிப் போக வேண்டும். கொழுந்தைக்கூடத் தராசில் போட்டு, ஆளைக் கூப்பிட்டு, கண்ணெதிரேதான் நிறுப்பார்கள். ஆட்களைப் பங்கு போட்டபோது யாரையும் கூப்பிடவில்லை. மார்கழியில் ஒரு புயல். பக்கத்துக் காம்பரா வேலாயி அந்தச் செய்தியோடு ஓடி வந்தாள்.

"கேட்டியாடி ராக்கு? தனுஷ்கோடியில கடலு ரயிலையே முழுங்கிருச்சாம். ஆளோட, பொட்டியோட."

"ரயிலையா?"

"ரயிலத்தான். நம்மள ஏத்திட்டுப் போற வழியும் அதுதானாம்."

ராக்காயி அன்று ராத்திரிச் சோற்றுக்கு உப்பு போட மறந்துவிட்டாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னத்தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "வர்ற சனிக்கெழம கொழும்புக்குப் போவோம். தேயில லொறி போகுது. புள்ளைங்களுக்குக் கடலு காட்டலாம். கடலோரத்துல மீனு காட்டுற எடம் ஒண்ணு இருக்காம்."

ஹட்டனுக்குப் படம் பார்க்கக் கூப்பிட்டாலே முழங்கால் வலி என்று சொல்கிற ஆள் அவன். ராக்காயி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? சும்மாதான்."

சும்மாவாம்! அவன் முகத்தைப் பார்த்தாள். அவனோ நகத்திலிருந்த கிரீசைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கடல் என்றான், மீன் என்றான். கப்பல் என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாததுதான் ராக்காயிக்குக் காது அடைக்கும் அளவுக்குக் கேட்டது. தலைமன்னாரில்தான் கப்பல் ஏற்றுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கடலும் கொழும்புக் கடலும் ஒன்றுதானே, நடுவில் யார் வேலி போட்டிருக்கிறார்கள்? அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பழைய சேலையில் மூட்டை மட்டும் கட்டி வைத்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் லொறி வந்து நின்றது. டிரைவர் சுந்தரலிங்கம் ஹட்டன் டவுன்காரன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். சின்னத்தம்பி பின்னால் தேயிலைப் பெட்டிகளோடு ஏறிக்கொள்ள, ராக்காயியும் பிள்ளைகளும் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, இப்பவே சொல்லிப்புட்டேன். போறதுக்குத்தான் எடம். வர்றதுக்குச் சத்தியம் பண்ண மாட்டேன். அரிசி மூட்ட ஏத்துனா ஆளுக்கு எடமில்ல."

ராக்காயி மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். "அப்ப நாங்க எப்படிங்க திரும்பி வர்றது?"

"ஏன் வரணும்? கடலோரமா அப்படியே இருந்துருங்க. காத்தாவது நல்லாருக்கும்." அவன் சிரித்தான். "அதென்னக்கா மூட்ட? தூக்கி வைக்கிறப்ப லொறியே சாஞ்சுச்சு."

"சோறு."

"எத்தன மாசத்துக்கு?"

அதற்குப் பிறகு கினிகத்தேனை வளைவுகள் அத்தனையிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மீனம்மா ஒவ்வொரு பாலத்துக்கும் 'அம்மா பாரு, அம்மா பாரு' என்று கத்தினாள். அவிசாவளைக்குக் கீழே காற்று சூடாகிவிட்டது. பச்சை மலை ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தாள். மலையெல்லாம் புகைபோலத் தூரத்தில் நின்றது.

தேயிலைப் பெட்டிகளை இறக்கத் துறைமுகத்துக் களஞ்சியத்தின் முன் லொறி நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புப் புகைபோக்கி, ஃபேக்டரிப் புகைபோக்கியைவிடப் பெரியது. ராக்காயி பார்த்துக்கொண்டிருந்தபோதே அது மெதுவாக நகர்ந்தது. பிறகு ஊதியது பாருங்கள் ஒரு ஊதல், அவள் வயிற்றுக்குள்ளேயே ஊதியது போல இருந்தது.

"அம்மா, அது மாடா?" என்றான் அழகன்.

"பேசாம இருடா."

சின்னத்தம்பி ஜன்னலருகே வந்தான். "கப்பலு, ராக்கு. எறங்கிக் கிட்டப் போய்ப் பாக்குறியா?"

"வேணாங்க." லொறிக் கதவின் பிடியை அவள் விடவே இல்லை. அவளையும் கதவையும் சேர்த்துக் கழற்றினால்தான் உண்டு. அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே போய்விட்டான். அதையும் அவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மீன் காட்டும் இடம் கடலுக்கு விளிம்பில், பாறைமேல் கட்டிய வெள்ளைக் கட்டடம். "மீனுக்குப் போய் பங்களா கட்டி வச்சிருக்கானுங்க, நமக்குப் பத்தடிக் காம்பரா" என்று சொல்லி சுந்தரலிங்கம் அவர்களை இறக்கிவிட்டு, அரிசி ஏற்றப் போய்விட்டான். சீட்டுக் கிழிப்பவன் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே விட்டு, வெளிச்சம் புகாமல் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினான். சாத்திய சத்தத்தில் ராக்காயிக்கு உயிர் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி உள்ளே போனது.

நீளமான இருட்டு நடை. இரண்டு பக்கச் சுவரிலும் வரிசையாகக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் பச்சைத் தண்ணீர், அதில் பேர் தெரியாத சீவன்கள். சட்டிக்குள் மட்டுமே மீனைப் பார்த்தவள் அவள். இங்கே மீன் அவளைப் பார்த்தது. பாறை இடுக்கிலிருந்து விலாங்கு ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அதுகூடப் பரவாயில்லை. கால்களுக்குக் கீழே தரை நடுங்கியது.

சின்ன வயதில் கப்பலில் வந்த அவள் அப்பன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது ஒரே கதை: "கப்பலுக்குள்ள ஒரே இருட்டு ஆத்தா. வரிசையா கண்ணாடி. அந்தாண்ட தண்ணி. கால் வச்ச எடமெல்லாம் கிடுகிடுன்னு நடுங்கும்."

இருட்டு, கண்ணாடி, தண்ணீர், நடுக்கம். ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏங்க... தரை ஆடுதுங்க."

தோளில் அழகனைத் தூக்கி வைத்திருந்த சின்னத்தம்பி, மீனை விட்டுவிட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "மிசினு ஓடுது ராக்கு. நல்ல மிசினு. ஒரு அடி பிசகல பாரு."

அவள் பார்த்தாள். கதவு சாத்தியாயிற்று, மிசினும் ஓடுகிறது, புருஷன் வேறு சிரிக்கிறான். கப்பல் கிளம்பிவிட்டது.

கத்தத்தான் நினைத்தாள்; குரல் வரவில்லை. ஆனால் கால்கள் சத்தம் வந்த பக்கம் தாமாக நடந்தன. பகல் சோறு கொண்டுபோன காலத்தில் எஞ்சின் அறையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஒருமுறை கொழுந்து அரைக்கும் உருளையில் ஒருத்தியின் முந்தானை சிக்கியபோது, சின்னத்தம்பி பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பிடியைக் கீழே இழுத்து உயிரைக் காப்பாற்றியதையும் பார்த்திருக்கிறாள். நடையின் கோடியில் ஒரு சின்னக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மிசின். சுவரில் சிவப்புப் பிடி.

மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு.

மிசின் பெருமூச்சு விட்டு நின்றது. அதோடு விளக்கெல்லாம் அணைந்தது.

அந்த இருட்டில் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினார்கள். அதற்குள்ளிருந்து "அம்மா!" என்று அழகன் வீரிட்டது தனியாகக் கேட்டது. அப்போதுதான் ராக்காயிக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. நடுக்கடலில் நிறுத்தினால் கப்பல் மிதக்குமா, முங்குமா? அதை யோசிக்காமலே நிறுத்தித் தொலைத்துவிட்டாளே! சுவரைத் தடவித் தடவிப் பிள்ளையின் குரல் வந்த பக்கம் நகர்ந்தாள். கைக்குக் குளிர்ந்த கண்ணாடிதான் தட்டுப்பட்டது.

டார்ச் வெளிச்சம் ஒன்று வந்து அவள் முகத்தில் நின்றது. பெரிய மீசை வைத்த காவல்காரன். சிங்களத்தில் என்னவோ கத்தினான்; அதில் 'பொலீசி' என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. கூட்டத்திலிருந்து யாரோ, களவாகக் கடல் தாண்டி வந்தவர்களை ஏசுவது போல, "கள்ளத்தோணி" என்றார்கள்.

ஓடி வந்த சின்னத்தம்பி அந்தச் சொல்லைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே கையைக் கூப்பிவிட்டான். வாழ்நாளெல்லாம் இந்த மண்ணில் வேலை செய்தவன்தான். இந்த மண்ணுக்காரன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பொலீசு வந்து கேட்டால் என்ன காட்டுவது, உள்ளங்கைக் காய்ப்பையா? அவன் கை நடுங்குவதை ராக்காயி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். ராட்சச எஞ்சினுக்குள் கையை விடுகிறவன் அவன். அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததே இல்லை.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. கடைவீதியில் பொறுக்கிய சிங்களத்தையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னாள்: "மாத்தயா, நெவ நவத்தன்ன! மகே லமய் கொடட!" கப்பலை நிறுத்துங்க ஐயா, என் பிள்ளைகள் கரைக்குப் போகணும்.

காவல்காரன் டார்ச்சைத் தாழ்த்தினான். "மொன நெவத?" எந்தக் கப்பல்?

ராக்காயி தரையைக் காட்டினாள். சுவரைக் காட்டினாள். கண்ணாடியைக் காட்டினாள். கூட்டத்துக்கு விஷயம் விளங்கியதும் சிரிப்பு வெடித்தது பாருங்கள், மீன்களெல்லாம் மறுபக்கம் ஓடியிருக்கும். காவல்காரன் மட்டும் சிரிக்கவில்லை. போய்ப் பிடியைத் தூக்கினான். தொட்டிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் ஓடியது, விளக்கும் வந்தது. பிறகு அவளைக் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

வெளியே மணல். ஒரு தென்னை மரம், அதில் சாய்த்து வைத்த அவனுடைய சைக்கிள், கொடியில் காயும் சட்டை.

"மே பொளவ, அக்கே" என்று அவன் காலால் தரையை ஓங்கி உதைத்துக் காட்டினான். "பொளவ."

மண். ராக்காயியும் ஒரு தடவை உதைத்துப் பார்த்தாள். நடுங்கவில்லை. இன்னொரு தடவை உதைத்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் பொலீசைக் கூப்பிடவில்லை. கொடியில் காய்ந்த சட்டையைத் திருப்பிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அலையைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா கப்பலை நிறுத்திய கதையை லயத்தில் எப்படிச் சொல்வது என்று மீனம்மா இப்போதே தம்பியிடம் ஒத்திகை பார்த்தாள். சின்னத்தம்பி மூட்டையை அவிழ்த்தான். சோற்றுப் பொட்டலத்துக்குக் கீழே, இரண்டு துணி சுற்றி, அம்மிக் குழவி.

"ஏ புள்ள! கொழவிய எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"அம்மியத் தூக்க முடியல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "கொழவி எங்கிட்ட இருந்தா, அம்மி அங்க சும்மாத்தான கெடக்கும்? எப்படியும் நான் திரும்பி வந்துதான ஆகணும்?"

சின்னத்தம்பி குழவியை மடியில் வைத்துக்கொண்டான்.

"சங்கத் தலைவர் சொன்னாரு, ராக்கு. கடலு தாண்டிப் போறியா, இங்கயே இருக்கியான்னு கேட்டு ஆளு வருமாம். நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல, சத்தியமா. போகணும்னு வந்துட்டா நீ கடலப் பாத்தே பயந்துருவேன்னு... ஒருதடவ பாத்துட்டா தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

"தெளியல."

"தெரியுது."

"அத வீட்டுலயே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லப் பயமா இருந்துச்சு." குழவியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "எனக்குந்தான் ஒருதடவ பாத்து வைக்கணும்னு இருந்துச்சு. துறைமுகத்துல அது ஊதுனப்ப, கைகால் ஓடல."

ராக்காயி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் பயப்படுவதற்கு அவளுக்கு ஒரு துணை கிடைத்தது அன்றுதான்.

"ஆளு வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?"

அவன் குழவியைக் கையில் நிறுத்துப் பார்த்தான். "அம்மியக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிருவேன்."

"வெளையாட்டு வேணாங்க."

"வெளையாட்டில்ல. நீ சொல்லு. நீ சொல்றதத்தான் நான் சொல்லுவேன்."

"இருக்கோம்னு சொல்லுங்க."

"சரி, இருக்கோம்."

ரோட்டில் லொறி ஹோர்ன் கேட்டது. சுந்தரலிங்கம் தலையை வெளியே நீட்டினான். "என்னக்கா, கடலோரமாவே இருந்துர்றதா முடிவா? முன்னால வேற ஆளு ஏறியாச்சு. பின்னால மூட்ட மேலதான் எடம்."

பதில் சொல்வதற்கு முன்பே ராக்காயி பாதி ஏறிவிட்டாள். அரிசி மூட்டைகளின் உச்சியில் நான்கு பேரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். குழவிக் கல்லை வாங்கக் கை நீட்டினாள், சின்னத்தம்பி தரவில்லை. கினிகத்தேனை ஏற்றம் வந்து, குளிர் அடித்து, பிள்ளைகள் தூங்கிப் போன பிறகும் அந்தக் கல் அவன் மடியில்தான் இருந்தது.