கைப்பைக்குள் இருந்த விலை

அந்தக் காகிதத்தைக் கைப்பையிலிருந்து வெளியே எடுப்பதா, வேண்டாமா என்று செலீன் அரை மணித்தியாலமாகத் தவித்துக்கொண்டிருந்தாள்.

மல்வேர்னில் குடியிருப்பவள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கணவர் அமிர்தநாதருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்திகரிக்கச் செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கொண்டுபோகிறாள். பதிந்த காருக்குள் குனிந்து ஏற அவரால் இப்போது முடிவதில்லை. போன கிழமை ஏறும்போது பனியில் விழுந்துவிட்டார். அதனால்தான் நன்றாக ஓடும் காரைக் கொடுத்துவிட்டு, உயரமான வான் வண்டி ஒன்று எடுக்க வந்திருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கார் விற்பனையாளன் வின்சன்ற், அவள் மகள் றெபேக்காவின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவனிடம் விலை பேசுவதா? இப்போது கொடுக்க வந்த காரையும் அவனிடம்தான் வாங்கினாள். அன்று வாயே திறக்கவில்லை. அதே மாதிரிக் காரை அயல்வீட்டு றெஜினா எவ்வளவு குறைவாக வாங்கினாள் என்பது பிறகுதான் தெரிந்தது. குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு அழுதாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

இந்த முறை, காலையிலேயே ஒஷாவாவில் இன்னொரு இடத்தில் காரைக் காட்டி, விலையை எழுத்தில் வாங்கி வந்திருந்தாள். ஐயாயிரத்து நானூறு டொலர்.

அதே காருக்கு வின்சன்ற் சொன்னது மூவாயிரம்.

"உங்களுக்கு எண்டபடியால்தான் அக்கா. வேற ஆள் எண்டால் தேத்தண்ணியைக் குடுத்து அனுப்பியிருப்பன்."

அவள் காரை ஓட்டிப் பார்க்கவென்று வாங்கிய கார்த்திறப்பை அவன் இன்னும் திருப்பித் தரவில்லை. வானுக்கு மாதம் எவ்வளவு கட்டலாம் என்றே திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் கணக்குப்படி கட்டுவதென்றால் சனிக்கிழமையும் வேலைக்குப் போகவேண்டும். சுத்திகரித்து வந்து நடுங்கிப் படுத்திருக்கும் மனிதருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வீட்டில் யார் இருப்பார்கள்?

அவன் பேனையை நீட்டினான். அவள் கை பாதி தூரம் போய் நின்றது.

"முதல் என்ர திறப்பைத் தா வின்சன்ற்."

அவன் சிரிப்பு மறைந்தது. "என்னக்கா, என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

செலீன் காகிதத்தை மேசையில் விரித்தாள்.

"என்ர பிள்ளையை உன்ர கையிலை தந்தனான். அந்த நம்பிக்கை இப்பவும் இருக்கு. இது கார். உதிலை கிடக்கிற விலையைத் தந்தால் கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி இப்பவே ஒஷாவாவுக்குப் போறன்."

அவன் எழுந்து மேலாளரின் அறைக்குள் போனான். பத்து நிமிடம். இத்தனை வருட உறவு அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருப்பதுபோல் அவளுக்குப் பட்டது.

திரும்பி வந்தவன், புதிய தாளையும் அதன்மேல் திறப்பையும் வைத்தான். ஐயாயிரத்து நானூறு.

"உதை நீங்கள் முதலே காட்டியிருக்கலாம்."

"நீயும் முதலே சொல்லியிருக்கலாம்."

வானின் விலையைச் சத்தமில்லாமல் ஏற்றியிருக்கிறானா என்று கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். இல்லை. கையெழுத்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை அமிர்தநாதர் குனியாமலே வானில் ஏறினார்.

"வின்சன்ற் நல்லாச் செய்து தந்தவனோ?"

"ஓம்," என்றாள் செலீன், அவருக்கு இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டியபடி. "சனிக்கிழமை நான் வீட்டிலைதான்."