மீசை வைத்த அம்மாவும் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணித் தரும் சகபாவிகளே, கஸ்டமருக்கு என்ன வேண்டும் என்பதை நாம் கடைசியில்தான் கேட்போம்; அதற்குள் எதை விற்பது என்று முடிவே பண்ணியிருப்போம்.

பெரிய கார்டு

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் என் கடைக்குப் பள்ளிக்கரணையிலிருந்து கௌரி வந்தாள். மனோதத்துவத்தில் பிஎச்.டி. பண்ணுகிற பெண். முகங்களின் போட்டோக்கள் திரையில் நொடிக்குப் பத்து ஓட வேண்டும். கண்ணாடி போட்ட முகம் வந்தால் எதிரே இருப்பவர் பட்டனைத் தட்ட வேண்டும். அதுதான் ஆராய்ச்சி.

நானோ படத்தை வேகமாகக் காட்டும் என்று விலை உயர்ந்த கேமிங் கார்டைத் தலையில் கட்டினேன். படம் திக்கித் திக்கி ஓடியது. போட்டோ எல்லாம் அவளுடைய பழைய ஹார்ட் டிஸ்கில். அது ஆடி அசைந்து கொடுத்தால் கார்டு என்ன செய்யும், பாவம்! எல்லாப் படத்தையும் முதலிலேயே மெமரியில் ஏற்றியதும் சர்ரென்று ஓடியது. கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கௌரி சொன்னாள்: "அண்ணா, முதல்லயே எங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்."

பெரிய திரை

பட்டும் புத்தி வரவில்லை. மானிட்டர் கேட்டவளுக்கு, முகம் பெரிசாத் தெரியட்டுமே என்று நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியைக் கொடுத்தேன். அசைவு வழவழப்பாக இருக்க, இரண்டு படத்துக்கு நடுவே டிவி தானாக ஒரு படத்தைச் செய்து சொருகும். கிரிக்கெட்டுக்கு நல்லது. இங்கே அடுத்தடுத்து வந்த ஓர் ஆண் முகத்தையும் பெண் முகத்தையும் கலந்துவிட்டது. கண்டுபிடித்தது நானில்லை, ஆராய்ச்சிக்கு நாற்பதாவது ஆளாக உட்கார்ந்த, கௌரியின் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். பட்டனை விட்டுவிட்டுக் கேட்டாராம்: "ஏம்மா, நடுவுல மீசை வெச்ச அம்மா ஒருத்தங்க வந்தாங்களே, யாரு அவங்க?"

வெள்ளிக்கிழமைக்குள்

நாற்பது பேரின் முடிவும் குப்பை. வெள்ளிக்கிழமைக்குள் சரியான முடிவைக் கொடுக்காவிட்டால் ஆறு மாதம் போச்சு என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். "தப்பு என்னோடதும்மா" என்று ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நாற்பது பேருக்கு எங்கண்ணா போறது?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கே போவதா? ரிப்பேருக்கு வந்து என் கடையில் காத்திருக்கிற ஜனம் எதற்கு இருக்கிறது! பின்னறையில் நல்ல வேகமான மானிட்டரை வைத்து, செட்டிங்கை மூன்று தடவை பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்தோம். ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. படப்பையிலிருந்து பிரின்டரோடு வந்த அக்கா, போன் போட்டுத் தன் நாத்தனார்கள் இரண்டு பேரையும் வரவழைத்தார். அந்த ஜனத்தை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வியாழக்கிழமை சாயங்காலம் நாற்பது முடிந்தது.

பல்கலைக்கழகம் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்ட அன்று கௌரி போன் பண்ணினாள்: "அண்ணா, நன்றி சொல்ற பக்கத்துல உங்க கடை பேரைப் போடட்டுமா, இல்ல, நடந்த தவறுகள்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல போடட்டுமா?"

இரண்டிலும் போட்டிருக்கிறாள், இத்தனை வருஷ வியாபாரத்தில் என் கடைக்கு இவ்வளவு நேர்மையான விளம்பரம் கிடைத்ததே இல்லை.