மூன்று பிள்ளைகள், மூன்று சூரியன்கள்

இந்த வாரம் கொஞ்சம் துள்ளலோடுதான் எழுதுகிறேன். மச்சாளின் இரத்தப் பரிசோதனை முடிவு நேற்றுப் பின்னேரம் வந்தது — கல்சியம் இறங்கிவிட்டது! இனி கனடாவுக்கு, ரொறன்ரோவுக்குப் பறக்கலாம். மூத்த மகளுக்குப் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் நிற்கலாம்.

கல்சியம் ஏன் ஏறியது என்கிறீர்களா? பாசத்தால்.

மச்சாள் என் கணவரின் தமக்கை. யாழ்ப்பாணத் தீவகத்தில், மண்கும்பானில், எங்களுக்கு அடுத்த வளவு. மாதவிடாய் நின்ற பிறகு அவருக்கு முழங்காலும் இடுப்பும் முறையிடத் தொடங்கின. இரத்தம் சோதித்தால், வைட்டமின் டி குறைவாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தீவில் நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்குமா? ஆனால் மச்சாள் வாசற்படலை வரை போவதென்றாலும் குடை பிடிப்பவர். நானும்தான். வெயில் தினமும் எங்களைத் தேடி வந்தது... நாங்கள்தான் வீட்டில் ஆளில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

செய்தி மூன்று நாடுகளுக்குப் போனது. ரொறன்ரோ மகள் குளிசை அனுப்பினாள். லண்டன் மகன் கப்சூல். பாரிஸ் சின்னவள், உடைத்துக் குடிக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அம்மாவுக்குப் போட்டிக்குச் செய்வார்கள், பேசிவைத்துச் செய்வார்களா?

வீடியோ கோலில் ஒவ்வொருவரும், "என்ரையைப் போட்டனீங்களோ அம்மா?" என்று கேட்பார்கள். மச்சாளுக்குப் பொய் வராது. நீதியான தாய் வேறு. ஆகவே, காலையில் ரொறன்ரோ. இரவில் லண்டன். வெள்ளிக்கிழமை முழுகி, சாமி கும்பிட்டுவிட்டு — பாரிஸ்.

"எல்லாம் ஒண்டோ மச்சாள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வேற வேற நாடு, வேற வேற நிறம். எப்பிடி ஒண்டாகும்?"

நியாயமாகத்தான் பட்டது. மூன்றிலும் சூரியன் படம் இருந்தது. வாரந்தோறும் உங்களுக்கு உலக விஷயம் சொல்லும் நான், அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

பிறகு தொடங்கியது தாகம். வாந்தி வருமாப்போல் ஓங்காளம். சாப்பாடு இறங்கவில்லை. நடந்தால் சோர்வு. சிறுநீரகம் போய்விட்டது என்று மச்சாளே முடிவுகட்டினார். பிள்ளை பெற்ற மகளுக்குக் கறி வைத்துக் கொடுக்க வறுத்து இடித்த சரக்குத்தூளைச் சூட்கேசிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

"மூத்தவளிட்டைச் சொல்லும், நான் வரேலாது எண்டு. எனக்குக் குடுத்துவைக்கேல்லை."

அந்தக் குரலைக் கேட்டபின் எனக்குப் பகிடி வரவில்லை. குறிகட்டுவானிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து, மருந்தெல்லாம் ஒரு பையில் போட்டு, யாழ்ப்பாணம் கூட்டிப் போனேன். வெயில் படுகிறது என்று பஸ்ஸிலும் மற்றப் பக்கம் மாறி இருந்தோம். வைட்டமின் டி குறைவென்று மருந்து விழுங்குகிறவர்கள் நாங்கள்.

டொக்டர் இளம்பெண். பையைத் திறந்து மூன்றையும் மேசையில் வைத்தார்.

"அன்ரி, இது எல்லாம் ஒரே மருந்து."

"இது பிரான்ஸ், பிள்ளை."

"பிரான்சிலயும் அதுதான் அன்ரி. இந்தக் குப்பி சில மாசத்துக்கு ஒருக்காக் குடிக்கிறது. நீங்கள் எப்பிடிக் குடிச்சனீங்கள்?"

"வெள்ளிக்கு வெள்ளி."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

டி அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றார். இரத்தத்தைச் சோதித்தால், மச்சாளுக்கு ஏறித்தான் இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்; நிறையத் தண்ணீர் குடித்து, சில வாரம் கழித்து மறுபடி சோதிக்க வரச் சொன்னார். மாதவிடாய் நின்றால் எலும்பு வேகமாகத் தேயும் என்பது உண்மை. குறைவென்றால் டி தேவை என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும் — பிள்ளைகளின் எண்ணிக்கை அல்ல.

நேற்று நல்ல செய்தி வந்ததும் ஓடினேன். ஆம், குடையில்லாமல். சூட்கேஸ் மறுபடி கட்டிலில் திறந்திருந்தது. உள்ளே சரக்குத்தூள், ஒரே அளவில் மூன்று பொதி.

"என்ன மச்சாள், லண்டனிலயும் பாரிசிலயும் ஆர் பிள்ளை பெறுகினம்?"

"ஒருத்தரும் இல்லை. ரொறன்ரோவில இருந்து தபாலில போடுவம். மூத்தவளுக்கு மட்டும் குடுத்தால் மற்றதுகள் என்ன நினைக்குங்கள்?"

பொதிகளில் அளவை எழுதி ஒட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன் — அம்மா அனுப்பியதென்று பிள்ளைப்பேற்றுத் தூளையும் அள்ளிப் போடக்கூடிய லண்டன் மகனை நினைத்து.