ஈசல் கறை

மலாக்காவில் காஜா பேராங் பட்டறையில் நான் கார்களுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்த காலத்தில், பூச்சி செத்து ஒட்டிய காரை எடுத்து வருகிறவர்களைத் திட்டாமல் விட்டதில்லை. விழுந்த அன்றே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் போதும். நாலு நாள் வெயிலில் காயவிட்டால் பூச்சியின் சாறு சாயத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை முறை கழுவினாலும் அம்மைத் தழும்பு போல அங்கேயே நிற்கும். “குளிப்பாட்டத் தெரியாதவனுக்குக் காடி எதுக்கு?” என்று முகத்துக்கு நேராகவே கேட்பேன். எனக்கு வாய் அதிகம்.

பதினாறு நாள் கழுவாத டாக்சி ஒன்று வந்தபோது மட்டும் நான் எதுவும் கேட்கவில்லை. அதை ஓட்டி வந்தவன் என் தங்கையின் கணவன். அதில் ஆஸ்பத்திரிக்குப் போன என் தங்கை திரும்பி வரவில்லை. வயிற்றில் இருந்த எட்டு மாதப் பிள்ளையும் பிழைக்கவில்லை.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்த அன்றே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். வீட்டுக் கூரை ஒழுகியது. பிள்ளைத்தாய்ச்சியை ஈரத்தில் படுக்க வைப்பதா, கூரையை அடைத்துவிட்டு அழைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அதனால் கைநிறையப் பச்சைக் கண்ணாடி வளையல்களோடு அவள் கணவன் வீட்டில், ரப்பர் தோட்டத்திலேயே இருந்தாள். நாள் ஆகுமுன்னே வலி எடுத்தது. மழைவிட்ட ஒரு சாயங்காலம் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை மலாக்காவுக்குக் கிளம்பினான். அரைமணியில் வரவேண்டிய வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

“ஈசல். வழி தெரியல” என்றான் அவன்.

அவளை எடுப்பதற்கு முன்னால் சொந்தபந்தம் அத்தனையும் கூடியிருந்த முற்றத்தில் நான் அவன் சட்டையைப் பிடித்தேன். “ஈசலுக்குப் பயந்து காடி நிக்குமா? எந்தக் கள்ளுக்கடையில நின்ன, சொல்லு!” என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேசாமல் நின்றதையே எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “என் புள்ளைக்குப் போட்ட வளையல் எங்கடா போச்சு?” என்று அழுதுகொண்டிருந்தார். வலது கை நிறைய வளையல் இருந்தது. இடது கையில் இரண்டே இரண்டுதான். ஆஸ்பத்திரியில் கழற்றியிருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

கருமாதி முடிகிறவரை காருக்கும் தீட்டு, யாரும் தொடக்கூடாது, கழுவக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். வெயிலில் அது என்ன ஆகும் என்று அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. நாசமாகப் போகட்டும் என்று இருந்தேன்.

கருமாதி முடிந்ததும் அவன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் டாக்சிக்குச் சோதனை. அந்த முகத்தோடு போனால் ஓட்ட விடமாட்டார்கள். தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, வேலையை என் தலையில் கட்டினார். மாப்பிள்ளை வாசலில் ஒரு தகர டின்மேல் உட்கார்ந்தான். இருவரும் முகம் பார்க்கவில்லை.

கறுப்புச் சாயம். இன்ஜினை மூடும் முன்மூடி முழுக்கச் சாம்பல் படிந்த வட்டங்கள், வட்டத்துக்குள் ஒட்டிக்கொண்ட இறக்கைகள். காய்ந்ததைச் சுரண்டக்கூடாது. சவுக்காரத் தண்ணீரில் நனைத்த சாக்கை மேலே போர்த்தி ஊறவைத்தேன். ஊறியதும் பூச்சி உரிந்து வந்தது, கறை வரவில்லை. மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மூக்குப் பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டே போனேன். பாதி முன்மூடி பளபளப்பு இழந்து ஒரே சீராக வந்தது. கை தேய்த்துக்கொண்டிருந்தது, மனம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது.

இடதுபக்கம் முன்கண்ணாடிக்குக் கீழே போனபோது கை நின்றது. அங்கே கறை வட்டமாக இல்லை. வழித்தெடுத்த கூழ்போல் இழுபட்டு, நாலு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாகச் சாயத்தை அரித்திருந்தது. ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக ஏகப்பட்டது. சின்ன விரல்கள். அவற்றுக்குக் குறுக்கே மெல்லிய வளைவான கீறல்கள். இப்படி ஒரு கீறலை நான் எந்தக் காரிலும் பார்த்ததில்லை.

பக்கத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் கும்பிடுவதும் நாங்கள் கும்பிடும் சாமிதான், ஆனால் பேசுவது மலாய். குனிந்து பார்த்தவர், கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் செருகியிருந்ததை நகத்தால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். “ஈனி காச்சா லா” என்றார். கண்ணாடித் துண்டு. பச்சை.

நான் வாசலுக்குப் போய் அதை மாப்பிள்ளையிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“புக்கிட் காதில் ஊரத் தாண்டுறதுக்கு முன்னாடியே மொய்ச்சிருச்சு மச்சான். வைப்பர் போட்டா மாவு மாதிரி அப்பிக்குது. நிறுத்தறேன்னேன். ‘நிறுத்தாத, புள்ள போயிடும், நீ ஓட்டு’ன்னா. சன்னல் வழியா கைய நீட்டி அவதான் வழிச்சுக்கிட்டே வந்தா. அவ வழிச்ச எடத்தில சாஞ்சு பார்த்துத்தான் ஊர்ந்து வந்தேன். வலி வர்றப்பல்லாம் கையைச் சன்னல் கம்பியில அடிச்சுப்பா. டவுன் வெளிச்சம் தெரிஞ்சப்போ கை வெளியவே தொங்குச்சு, உள்ள வரல.”

“அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“என்னன்னு சொல்வேன்? வலி எடுத்தவள வழி துடைக்க வச்சேன்னா?”

அவனை நான் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, அவனுக்கு வரவில்லை. “தேய்ச்சிடு மச்சான். அத பார்த்துக்கிட்டு ஓட்ட முடியல” என்றான்.

அம்மா பார்க்காமல் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. முற்றத்தில் கூடிய அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்ட முடியாது, அம்மாவுக்காவது காட்டலாம். வீடு இரண்டு சந்து தள்ளித்தான். அழைத்து வந்தேன்.

வரும் வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா பட்டறையில் ஈரம் காயாத காரின்மேல் குனிந்து, அந்த விரல் பட்டைகள்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தார். கீறல்களை நகத்தால் தடவினார். பிறகு வாசலுக்குப் போய் மாப்பிள்ளையின் தலையில் கை வைத்தார். “சாப்பிட்டீங்களா மாப்பிள்ள?” என்று கேட்டார். கருமாதிக்குக்கூட அவர் அவனோடு பேசியிருக்கவில்லை. அவன் அப்போதுதான் உடைந்தான்.

நான் உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நியாயம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு. அம்மா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, குரல் உயரவில்லை.

“கூரைய அடைச்சிட்டியாடா?” என்றார்.

“இல்லம்மா” என்றேன்.

அம்மா பச்சைத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு சாப்பாடு போட வீட்டுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. நான் தாளை மறுபடி தண்ணீரில் நனைத்து, இடது பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன்.